சிகாமட் பக்கத்து ஆற்றோரக் குடும்பங்களுக்கு இடர் வரைபடம் எப்படிப் போடுவது?

கேள்வி இதுதான். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்துச் சிறுநகரில் இளைஞர் மன்றம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் ஆற்றோரத்தில் கீரை, வாழை, மாடு, சிலருக்கு இரண்டொரு ஏக்கர் செம்பனை என்று பிழைக்கின்றன. காலநிலை இடர் வரைபடம் ஒன்று போட்டால் உதவி கொண்டுவரலாம் என்கிறது ஓர் அறநிறுவனம். துணைக்கோள் படத்தையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம், குடும்ப விவரத்தை மன்றம் திரட்டித் தர வேண்டுமாம். இதில் உண்மையிலேயே பயன் உண்டா, எங்கே தொடங்குவது, போட்ட பிறகு என்ன மாறும், ட்ரோன் வாங்க வேண்டுமா?

பயன் உண்டு தம்பி. ஆனால் துணைக்கோளில் தொடங்கினால் உங்கள் குடும்பங்கள் அந்த வரைபடத்தில் வரவே மாட்டார்கள். வீட்டில் தொடங்குங்கள். தண்ணீர் வந்தால், அல்லது மாதக்கணக்கில் வராமலே போனால், எந்த வீடு எதை இழக்கும், எந்த மாதத்தில் இழக்கும், இழந்ததைக் கேட்டு வாங்க அவர்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? இந்த மூன்றும் இல்லாத வரைபடம் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2014இல் வெளியிட்ட அறிக்கையில் இடர் என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. வரும் ஆபத்து ஒன்று. அதன் வழியில் யார், என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. அடிபட்டால் எழுந்து நிற்க முடியாத நிலை மூன்றாவது. ஒரே வெள்ளத்தில் அடுத்தடுத்த மூன்று வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது என்று வையுங்கள். முதல் வீட்டில் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், அடுத்த வாரமே புது மெத்தை வந்துவிடும். இரண்டாவது வீட்டில் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், சாலை மூடினால் உயிர்ப் பிரச்சினை. மூன்றாவது வீட்டுக்காரர் நான்கு மாட்டை நம்பி இருக்கிறார், மாட்டுக்கும் பதிவு இல்லை, நிலத்துக்கும் பதிவு இல்லை. துணைக்கோளுக்கு இந்த மூன்று வீடும் ஒரே நீல நிறம்.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம், அதுதான் எளிது. உங்கள் வட்டாரத்தின் வெள்ள வரலாறு உங்கள் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, பண்டிகையை வைத்துக் கேளுங்கள். 2006 டிசம்பர் வெள்ளம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்தது. வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் பொங்கலை ஒட்டி இரண்டாவது வந்தது. அந்த இரண்டிலும் சேர்த்து ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். சேதம் ஏறக்குறைய 150 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கிட்டார்கள். 2011இல் ஜனவரிக் கடைசி, சீனப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னால். 2023இல் மார்ச் மாதத் தொடக்கம். அந்த முறை ஜொகூரில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நிவாரண மையங்களில் இருந்தார்கள். பத்து பகாட் பக்கம் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. தைப்பூசம் முடிந்தால் மழைக்காலம் முடிந்தது என்ற பழைய கணக்கை அந்த மார்ச் பொய்யாக்கியது. ஆகவே உங்கள் வரைபடத்தோடு ஒரு நாள்காட்டியும் வேண்டும். நவம்பர் முதல் மார்ச் முடியும் வரை வடகிழக்குப் பருவமழை; ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை, அதில் வடிகால் நிரம்பித் திடீர் வெள்ளம்; ஜூன் முதல் செப்டம்பர் வரை வறட்சியும் புகைமூட்டமும். இந்தக் கட்டங்களில் எந்த வீட்டுக்கு எந்த மாதம் கையில் காசு இருக்காது என்பதைக் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்குச் சுவரில் கறை இருக்கும், கோயில் தூணில் இருக்கும், சிலர் ஆணியடித்தே வைத்திருப்பார்கள். அந்தக் கறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடக் கைத்தொலைபேசியை நம்பாதீர்கள். இடத்தைச் சில மீட்டர் பிசகில் காட்டிவிடும், உயரத்தில் கோட்டை விட்டுவிடும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கிற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் போதும். அதன் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கோயில் படியிலிருந்து தொடங்கி வீடு வீடாக நகர்ந்தால், படியைவிட எந்த வீட்டுத் தரை எத்தனை அங்குலம் தாழ்வு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கணிசமான வீடுகளுக்கு எடுத்துவிடலாம். பிறகு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் சிகாமட் ஆற்று மட்டமும் பூலோ காசாப்பில் மூவார் ஆற்று மட்டமும் வருகின்றன அல்லவா? சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று நான்கு படி. ஆபத்து மட்டத்தைத் தொட்டு எத்தனை மணி நேரத்தில் உங்கள் கோயில் படிக்குத் தண்ணீர் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த ஓர் எண்ணை எந்தத் துணைக்கோளும் தராது. மாட்டை மேட்டுக்கு ஏற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு விடை அதுதான்.

துணைக்கோள் ஏன் நம் ஊரில் தடுமாறுகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அந்த அறநிறுவனத்தாரிடம் பேசும்போது உதவும். இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் அதிகம் புழங்குவது 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். அந்த ரேடார் மண்ணைத் தொடவில்லை, மரத்தின் தலைக்கருகே திரும்பிவிட்டது. வளர்ந்த செம்பனைக் காடு நிஜத் தரையைவிடப் பல மீட்டர் உயரமாகத் தெரியும். நடுவே மரமில்லாத லயத்து வீடுகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், கிண்ணத்தின் அடிபோலத் தெரியும். அது 2000இல் ரப்பராக இருந்து வெட்டப்பட்ட நிலமாக இருந்தால் கதை இன்னும் குழம்பும். இதை வைத்துக் கணினியில் தண்ணீர் ஓடவிட்டால், மேட்டில் இருப்பவனை வெள்ளத்திலும் பள்ளத்தில் இருப்பவனைக் கரையிலும் காட்டலாம். மரத்தையும் கட்டடத்தையும் கழித்துச் சரிசெய்த உயர வரைபடம் ஒன்றைப் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டிருக்கிறார்கள், ஃபேப்டெம் என்று பெயர். பயன்படுத்துவது எந்த உயரத் தரவு என்று அறநிறுவனத்தாரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அவர்கள் வேறு யாரிடமோ கொடுத்துப் போடுகிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளப் படத்துக்கும் இதே கதை. 2014 முதல் சுற்றும் சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் துணைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், மழைநாளிலும் படம் எடுக்கும். வயல்வெளிக்கு அருமையானது. ஆனால் அதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர்கூட இல்லை, அடர்ந்த செம்பனை மட்டைக்குள் அவ்வளவாகப் புகாது. மரத்தடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் மேலே மட்டையைத்தான் பார்க்கும். நீண்ட அலை ரேடார் வேண்டும். ஜப்பானின் ஆலோஸ் வகையில் அது உண்டு. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, அதிலும் உண்டு. இன்னும் சில ஆண்டில் தோட்டத்து வெள்ளத்தைப் பார்ப்பது எளிதாகலாம். மழைக்கு சிர்ப்ஸ் என்ற தரவு 1981 முதல் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு கட்டம் 5 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் ஊர், பக்கத்துத் தோட்டம், ஆறு எல்லாமே ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். வட்டாரத்துக்கு இது போதும், வீட்டுக்குப் போதாது.

இவை ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் குடும்பங்கள் ஏன் பள்ளத்தில் இருக்கிறார்கள் என்பதையும் வரைபடத்தில் எழுத வேண்டும் என்பேன். பழைய தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். தொரை பங்களா மேட்டில் இருக்கும். கிராணி (எழுத்தர்) வீடு பாதி மேட்டில். லயம் தண்ணீர் கிடைக்கும் பள்ளத்தில், ஆற்றுக்கோ ஓடைக்கோ பக்கத்தில். பெரும்பாலான தோட்டங்களில் இந்த அடுக்கு மாறாது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, துன் சம்பந்தன் முன்னெடுப்பில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதனால் சில இடங்களில் தொழிலாளருக்குப் பங்கு கிடைத்தது. கிடைக்காத இடங்களே அதிகம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு ஒப்பந்தக்காரர் வெளிநாட்டு ஆள்களைக் கொண்டுவந்தார், வீட்டுமனைத் திட்டம் வந்தது. வெளியேறியவர்களுக்குக் கையில் கிடைத்த மண் யாரும் கேட்காத மண், அதாவது ஆற்றோரமும் மின்கம்பிக்குக் கீழேயும் ரயில் பாதை ஓரமும். ஆபத்தின் வழியில் இவர்கள் இருப்பது தற்செயல் இல்லை.

பயிர், கால்நடை விவரம் எடுக்கும்போது எத்தனை ஏக்கர் என்பதைவிட எத்தனை நாள் தண்ணீரைத் தாங்கும் என்று கேளுங்கள். பப்பாளி இரண்டு நாள் நின்ற தண்ணீரில் போய்விடும். கீரையும் மிளகாயும் அப்படியே. மரவள்ளி சில நாளில் மண்ணுக்குள்ளேயே அழுகும். வாழை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஓடும் தண்ணீர் சாய்த்துவிடும். வளர்ந்த செம்பனை சில நாள் வெள்ளத்துக்கு அசையாது, நட்டு ஓரிரண்டு ஆண்டே ஆன கன்று செத்துப்போகும். அப்படியானால் செம்பனைக்காரருக்கு வெள்ளத்தில் நட்டமே இல்லையா? உண்டு, வேறு வழியில். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை குலை வெட்டியாக வேண்டும். சாலை மூடி லோரி வராவிட்டால் பழம் உதிரும், அமிலம் ஏறும், ஆலை விலையைக் குறைக்கும் அல்லது வாங்காது. ஆகவே அவருடைய இடர் அவர் நிலத்தில் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தாழ்ந்த பாலத்தில் இருக்கிறது. அந்தப் பாலமும் வரைபடத்தில் வர வேண்டும்.

வறட்சியும் செம்பனையும் இன்னும் தந்திரமானவை. மரத்தில் பூ ஆணா பெண்ணா என்று தீர்மானமாவது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னால். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் ஆண் பூ அதிகமாகும், குலை குறையும். சுமார் 10 மாதம் முன்னால் வறட்சி வந்தால் இளம் பூங்கொத்து கருகி விழும். 2015-16 எல் நினோ வறட்சி நேரத்தில் மரம் பச்சையாகத்தான் நின்றது, வருமானம் அடுத்தடுத்த பருவங்களில் விழுந்தது. இரண்டு ஏக்கர்காரர் அதைத் தன் ராசி என்றோ உரத்தின் கோளாறு என்றோ நினைத்துக் கடன் வாங்கி இன்னும் உரம் போடுவார். சென்ற ஆண்டு வறட்சியை இந்த ஆண்டுக் கடனோடு இணைத்துக் காட்டுகிற ஒரு நாள்காட்டி அவர் வீட்டுச் சுவரில் இருந்தால் அந்தக் கடன் மிச்சம். மழை கூடினாலும் சிக்கல்தான். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டுதான் நம் செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கிறது, தொடர்மழையில் அது சரியாகப் பறக்காது, குலையில் சொத்தை கூடும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களை மறந்துவிடாதீர்கள். விடியற்காலை மழை பெய்தால் அன்றைய வேலை போச்சு. அவர்களுக்கு வெள்ளம் வர வேண்டியதில்லை, காலை ஆறு மணிக்கு ஒரு தூறல் போதும். மாத மழையளவு என்ற எண் இவர்களுக்கு ஒன்றும் சொல்லாது, மரம் நனைந்த காலைகள் எத்தனை என்பதுதான் கணக்கு. அதை யாராவது ஒரு பழைய காலண்டரில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

வெயிலும் புகையும் தனி. வானிலைத் துறையான மெட் மலேசியா, தொடர்ந்து மூன்று நாள் 35 பாகை செல்சியஸைத் தொட்டாலே முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது, 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. நாட்டின் உச்சம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1. புகைக்கு உங்கள் பக்கத்து மாவட்டமே சாட்சி. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்று மாசு குறியீடு 746ஐத் தொட்டு, மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். அன்று தினக்கூலிக்காரர் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு எந்தக் கோப்பிலும் கணக்கு இல்லை. இதைப் பற்றி நீட்ட வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலும் "எத்தனை நாள் வேலை போனது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனி காகிதம். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றோர நிலத்தில் இருப்பவர்களில் சிலரிடம் எல்.பி.எஸ் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இருக்கும். தேசிய நிலச் சட்டப்படி அது அந்த ஆண்டு டிசம்பர் 31ஐத் தாண்டாது, புதுப்பித்தாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், பருவமழையின் உச்சத்தில், நிவாரண மையத்தில் பாயில் படுத்திருக்கும்போது உரிமம் காலாவதியாகிறது! தாத்தா பெயரில் வாங்கி, தாத்தா போய், அப்பாவும் போய், பேரன் பயிரிடுகிற இடங்களும் உண்டு. எதுவுமே இல்லாதவர்களும் உண்டு, அவர்கள் சட்டத்தின் கண்ணில் அரசு நிலத்தில் அத்துமீறியவர்கள்.

பயிர்ச் சேதத்துக்கு வேளாண் துறைக்குப் போனால் விவசாயி என்ற பதிவையும், பெரும்பாலும் நிலச்சான்றையோ குத்தகைச் சான்றையோ நில உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தையோ கேட்பார்கள். மாட்டுக்குக் கால்நடைச் சேவைத் துறையில் பதிவும் காதில் வில்லையும் வேண்டும். செம்பனைக் குலை விற்க எம்பிஓபி எனும் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். 2020 முதல் எம்எஸ்பிஓ எனும் நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் கட்டாயமாகிவிட்டது, அதற்கும் நிலம் முறையானது என்று காட்ட வேண்டும். இல்லாதவர் இடைத்தரகரிடம் அடிமாட்டு விலைக்கு விற்கிறார். வெள்ள நிவாரணத் தொகை குடும்பத் தலைவர் பெயரில் வரும். ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தாலும் ஒரே பெயர்தான் பட்டியலில் ஏறும். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்), பிறப்புப் பத்திரம் இல்லாமல் மைகாட் எடுக்க முடியாதவர்கள், இவர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்று முதல்நாள் சொல்வார்கள். இரண்டாம் முறை, பெண்கள் மட்டும் உட்கார்ந்து பேசும்போது, பெயர்கள் வரும்.

தேசியக் கணக்குகள் இவர்களை எப்படி விழுங்குகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்த வெள்ளப் பருவத்துக்குப் புள்ளிவிவரத் துறை போட்ட மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி. அதில் விவசாயத்தின் பங்கு ஏறத்தாழ 9 கோடி. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இதைப் பார்க்கும் அதிகாரி, விவசாயிக்குப் பெரிய அடி இல்லை என்றுதான் நினைப்பார். ஆனால் வெள்ளிக் கணக்கில் பணக்காரனின் கார் எப்போதும் ஏழையின் கீரைப் பாத்தியைவிடக் கனமானது. பாத்தி அவனுக்கு மூன்று மாதச் சோறு. அதனால் இழப்பை வெள்ளியில் மட்டும் எழுதாதீர்கள். எத்தனை நாள் வருமானம் போனது, மீண்டும் கைக்குக் காசு வர எத்தனை வாரம் ஆனது, அதற்குள் நகை அடகுக் கடைக்குப் போனதா, ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) கை நீட்டினார்களா என்று எழுதுங்கள்.

அறநிறுவனம் ஒருவேளை ஒரு குறியீட்டெண் போட்டுத் தருவதாகச் சொல்லும். வாழ்வாதாரப் பாதிப்புக் குறியீடு என்று ஒன்று 2009இல் மொசாம்பிக்கின் இரண்டு மாவட்டங்களை வைத்து உருவாக்கப்பட்டு உலகம் முழுக்கப் புழங்குகிறது. தண்ணீர், உணவு, உடல்நலம், உறவு வலை என்று பல கூறுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் முறை. மாவட்டங்களை ஒப்பிட அது நல்ல கருவி. நாற்பது வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. சராசரியில் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று அடித்துவிடும். கல்வீடு, இரண்டு பையன்கள் சம்பாதிக்கிறார்கள், ஆனால் வீட்டில் ஒரு டயாலிசிஸ் நோயாளி. இந்த வீட்டுக்கு நடுத்தர மதிப்பெண் வரும், வெள்ளத்தன்று முதல் படகு போக வேண்டிய வீடு இதுதான். மதிப்பெண்ணுக்குப் பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் எது முறியும் என்று ஒரே வரி எழுதுங்கள். "சாலை மூடினால் மருத்துவம்." "மாடு ஏற மேடு இல்லை." "நிலம் இறந்தவர் பெயரில்." அதிகாரி படிப்பதற்கும் அது சுலபம்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வரைபடம் உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கு நிலம் விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. நிலச் சட்டத்தின் 425ஆம் பிரிவு அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பதைக் குற்றமாக்குகிறது. வீடு வீடாகப் புள்ளி வைத்து, பெயர் போட்டு, "உயர் இடர்" என்று சிவப்பு அடித்துக் கொடுத்தால், மாற்றிடம் தராமல் காலிசெய்யச் சொல்ல அதைவிட நல்ல ஆவணம் யாருக்கும் கிடைக்காது. பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லியே செய்யலாம்.

அதனால் இரண்டு வரைபடம் வையுங்கள். வெளியே போவதில் தண்ணீர் மட்டம், தாழ்ந்த பாலம், அடைபட்ட வடிகால், மேட்டு இடங்கள், பகுதிவாரியாக எத்தனை முதியவர், எத்தனை நோயாளி, எத்தனை மாடு என்பது மட்டும் இருக்கட்டும், வீட்டுப் புள்ளியோ பெயரோ வேண்டாம். பெயரோடு உள்ளது ஊருக்குள் இருக்கட்டும், யாரிடம் இருக்கிறது என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும், ஒரு வீட்டார் தங்கள் தாளைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். குடும்ப விவரத்தை அறநிறுவனத்தின் கணினியில் ஏற்றும் முன், திட்டம் முடிந்த பிறகு அது எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எண்ணிக்கை மட்டும் கொடுங்கள், நல்ல நிறுவனம் அதற்குக் கோபிக்காது.

வரைபடம் போட்ட பிறகு என்ன மாறும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் படுவது தோட்டத்துக் கேட். மாட்டை ஏற்ற நல்ல மேடு பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து மேட்டு புளோக்கில்தான் இருக்கும், இரவில் கேட் பூட்டியிருக்கும். ஆற்று மட்டம் எச்சரிக்கையைத் தொட்டதும் கேட் திறக்கப்படும், மாடு இத்தனை நாள் நிற்கலாம், கன்றுகளுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று மேலாளரோடு ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதிக்கொள்வது செலவில்லாத வேலை. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையை நறுக்கித் தீனியாக்கலாம். மார்டி என்ற வேளாண் ஆய்வுக் கழகம் இதில் நிறைய ஆய்வு செய்திருக்கிறது, வெள்ள நாளில் புல் கிடைக்காதபோது கைகொடுக்கும். வெள்ளம் வடிந்ததும் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸும் அப்போதுதான் வரும்.

அடுத்தது வடிகால். எந்த வடிகால் தோட்டத்துடையது, எது நகராண்மையுடையது, எது ஜேபிஎஸ் எனும் வடிகால் நீர்ப்பாசனத் துறையுடையது என்று வரைபடத்தில் மூன்று நிறம் போடுங்கள். பாதிப் புகார்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்த்தான் சாகின்றன. பயிரில் மாற்றமென்றால், இருபத்தைந்து முப்பது நாளில் அறுக்கிற காங்கோங், பாயாம் போன்ற கீரைகளைப் பள்ளத்திலும், பப்பாளி வாழையை இருப்பதில் உயரமான மூலையிலும் வையுங்கள். நவம்பருக்குப் பிறகு பள்ளத்தில் புது நடவு வேண்டாம், நாற்றைப் பாலிபேக்கில் பரண்மேல் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பெரும்பாலான அக்காமார்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், அவர்களைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.

காகிதத்துக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். கிராமத் தலைவரையும், முடிந்தால் நில அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற யாரையாவதும் கோயில் மண்டபத்துக்கு அழைத்து, எல்.பி.எஸ் புதுப்பிப்பு, மாட்டுப் பதிவு, இறந்தவர் பெயரிலிருந்து மாற்றம், ஏழைக் குடும்பங்களுக்கான அரசின் இ-காசே (eKasih) பட்டியலில் பெயர் சேர்ப்பு எல்லாவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பப் படிவம் எழுதுங்கள். அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள், டிசம்பரில் வரிசையில் நிற்காதீர்கள். பருவமழைக்கு முன் மாவட்ட அலுவலகத்தில் ஆயத்தக் கூட்டம் நடக்கும். பெயரில்லாத வரைபடத்தை அதற்கு முன்பே மாவட்ட அதிகாரியிடம் கொடுத்து, நிவாரண மையத்துக்குப் போகும் சாலை எந்த மட்டத்தில் மூடுகிறது என்பதைச் சொல்லுங்கள். அந்த மட்டத்துக்கு முன்பே நோயாளிகளை ஏற்ற வண்டி வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது ஒன்றாகவும் தெளிவாகவும் இருந்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ட்ரோன். வேண்டாம். சாதாரண ட்ரோன் கேமராவும் மேலிருந்து செம்பனை மட்டையைத்தான் பார்க்கும், மண்ணைப் பார்க்காது. மண்ணைப் பார்க்கிற லேசர் கருவி உங்கள் மன்றத்தின் வசதிக்கு எட்டாது. தோட்டத்துக்கு மேல் பறக்கவிட்டால் அனுமதி கேட்டு ஒரு சண்டை வேறு வரும். வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், படிவம் நிரப்ப கோபோ டூல்பாக்ஸும் உங்களைப் போன்ற அமைப்புகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது, ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். ட்ரோனுக்கு ஒதுக்கிய காசு இருந்தால் தெளிவான பிளாஸ்டிக் குழாய் இருபது மீட்டர் வாங்குங்கள், மிச்சத்துக்கு மாட்டுக் கொட்டகை இருக்கும் இடத்தை உயர்த்த லோரி மண் இறக்குங்கள். எந்தக் கொட்டகைக்கு முதலில் என்பதைக் குழாய் சொல்லிவிடும்.